புரதத்துக்குள் யாருக்கு யார் அண்டை?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் போய் வந்தவர்கள், கம்பிச் சுருள்களை ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பார்த்திருப்பார்கள். தொழிலாளர் பேச்சில் அதற்குப் பெயர் 'காயில்'. எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியில் ஒரு டன் எடைச் சுருள் என்று வைத்துக்கொள்வோம். அதை அவிழ்த்து நேராக நீட்டினால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் வரும். சுருளாக இருக்கும்போதோ, லாரியின் ஒரு மூலையில் அடங்கிவிடுகிறது.

இந்தச் சுருளின்மேல் ஓர் எறும்பு கம்பியை விட்டு இறங்காமல் நடக்கிறது. சுருளின் குறுக்களவு ஒரு மீட்டர் என்றால், ஒரு சுற்று முடிக்க மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமாக நடக்க வேண்டும். நடந்து முடித்த எறும்பு பக்கத்தில் எட்டிப் பார்த்தால், தான் புறப்பட்ட இடம் ஒரு விரற்கடைத் தூரத்தில் இருக்கும்! கம்பி வழியாகப் போனால் மூன்று மீட்டர். குறுக்கே தாவினால் ஒரு சென்டிமீட்டர். ஆகவே, கம்பியில் எந்த இடம் எதற்கு அருகில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், 'எந்தத் தூரத்தைக் கேட்கிறீர்கள்?' என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

புரதங்களை ஆராய்பவர்கள் நாள்தோறும் சந்திக்கும் கேள்வி இதுதான்.

புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி. அதன் கண்ணிகள் அமினோ அமிலங்கள். இயற்கை இதற்காகப் பெரும்பாலும் 20 வகை அமினோ அமிலங்களையே பயன்படுத்துகிறது. இரண்டு அமினோ அமிலங்கள் கைகோக்கும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறிவிடும். நீர் போக எஞ்சி நிற்கும் பகுதியை 'எச்சம்' என்று அழைக்கிறோம். எல்லா எச்சங்களுக்கும் முதுகெலும்பு ஒரே மாதிரி; அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கிளையில்தான் வேற்றுமை. கிளைசினுக்குக் கிளையே இல்லை, ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு மட்டும்தான். டிரிப்டோபனுக்கு இரட்டை வளையம் கொண்ட பருத்த கிளை. சில கிளைகள் நீரை விரும்புகின்றன. சில எண்ணெயைப்போல நீரைக் கண்டால் ஒதுங்குகின்றன. சில மின்னூட்டம் தாங்கியவை.

இந்தச் சங்கிலி செல்லுக்குள் நீட்டிக் கிடப்பதில்லை. ஒவ்வொரு புரதமும் தனக்கென்று உள்ள வடிவத்தில் மடங்கிச் சுருண்டுகொள்கிறது. அப்படி மடங்கும்போது, வரிசையில் வெகு தொலைவில் இருந்தவை ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கிவிடுகின்றன. மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். 124 எச்சங்கள் கொண்டது. ஆர்.என்.ஏ. இழையைக் கத்தரிப்பது அதன் வேலை. கத்தரிக்கோலுக்கு இரண்டு அலகுகள் வேண்டும் அல்லவா? இங்கே அந்த இரண்டு அலகுகள் 12-ஆம் எச்சமும் 119-ஆம் எச்சமும். இரண்டும் ஹிஸ்டிடின். இடையே 106 எச்சங்கள் இருக்கின்றன. மடங்கிய நிலையில் இவை ஒரு பள்ளத்தின் இருபுறமும் எதிரெதிராக வந்து நிற்கின்றன. சங்கிலியை அவிழ்த்துவிட்டால் அலகுகள் பிரிந்துபோகும், நொதி செயலிழக்கும். தக்க சூழ்நிலையில் மறுபடியும் மடங்கவிட்டால், யாரும் வழிகாட்டாமலே அவை பழையபடி சேர்ந்துகொள்கின்றன. இதை விளக்கிய கிறிஸ்டியன் அன்ஃபின்சனுக்கு 1972 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆக, ஒரு புரதத்தைப் புரிந்துகொள்ள அதன் எச்சங்களின் வரிசை மட்டும் போதாது. யார் யாரைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியலும் வேண்டும்.

தொடுதல் என்றால் என்ன?

கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் அணுவுக்குக் கம்பியைப்போலக் கெட்டியான விளிம்பு கிடையாது. இரண்டு அணுக்கள் நெருங்கும்போது முதலில் மெல்லிய ஈர்ப்பு ஏற்படுகிறது. மேலும் நெருங்கினால் திடீரென்று கடுமையான விலக்கம். அந்த விலக்கம் தொடங்கும் இடத்தைத்தான் 'இதற்குமேல் நெருங்கக் கூடாது' என்ற எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எல்லை சரியாக எவ்வளவு? இந்தக் கேள்விக்கு விடை தேடப்பட்ட இடங்களில் சென்னையும் ஒன்று. அதற்குக் காரணமாக இருந்தது ஒரு சர்ச்சை.

1952 இல் ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. அந்த ஆண்டில் சென்னைக்கு வந்திருந்த ஆங்கிலேய அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சோடு பேச்சாகக் குறிப்பிட்டார். கொலாஜன் நம் தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் இருக்கும் நார்ப்புரதம். தோல் பதனிடும் தொழிலுக்கு அதுவே மூலப்பொருள். கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே, அடையாற்றில், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. மாதிரிகளுக்குப் பஞ்சம் இல்லை. அங்கிருந்து கிடைத்த கங்காருவின் வால் தசைநாண்தான் எக்ஸ்-கதிர்ப் படத்துக்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது என்பது ஒரு வேடிக்கை.

இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954 இல் 'நேச்சர்' இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்றார்கள். மறு ஆண்டில், அந்த மூன்றும் கயிற்றுப் புரிகளைப்போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று திருத்தி எழுதினார்கள். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு எச்சங்கள் கிளைசின் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஏன் அப்படி என்பதற்கு இந்த முப்புரி வடிவம் விடை தந்தது. மூன்று புரிகளும் சந்திக்கும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறைவு. ஒவ்வொரு மூன்றாவது எச்சமும் அந்த இடத்துக்கு வந்தே தீரும். அங்கே ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குத்தான் இடமுண்டு. கிளை உள்ள எச்சத்துக்கு இல்லை. ஆகவே அது கிளைசினாகத்தான் இருக்க வேண்டும். இன்றைய மருத்துவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். அந்தக் கிளைசின்களில் ஒன்று மரபு மாற்றத்தால் வேறு எச்சமாக மாறிவிட்டால், முப்புரி சரியாக முறுக்கேறாது. தொட்டால் முறியும் எலும்புகளோடு பிறக்கும் குழந்தைகள் பலரிடம் காணப்படும் கோளாறு இதுவே.

1955 இல் இங்கிலாந்திலிருந்து அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரும் ஆட்சேபம் எழுப்பினார்கள். இந்தக் கிரிக் யார் என்று சொல்ல வேண்டியதில்லை, டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்டறிந்த இருவரில் ஒருவர். மூன்று புரி என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருக்கமாக இருக்கின்றன, அப்படி இருக்க முடியாது என்றார்கள். மூன்று எச்சங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னை சொன்னதை, ஒன்றுதான் என்று மாற்றினார்கள்.

புகழ்பெற்ற ஓர் ஆய்வுக்கூடம் தவறு என்று சொன்னபிறகு, பெரும்பாலோர் மனம் சோர்ந்து வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இராமச்சந்திரன் அந்த ஆட்சேபத்தையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். 'மிக நெருக்கம்' என்றால் எவ்வளவு? அந்த அளவை வகுத்தவர் யார்? ஊகத்தால் பேசாமல், படிகங்களையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

அதுவரை அமைப்பு அறியப்பட்ட அமினோ அமிலப் படிகங்களையும் சிறு பெப்டைடுப் படிகங்களையும் அவரும் வி. சசிசேகரனும் ஒன்றுவிடாமல் அலசினார்கள். ஒன்றோடொன்று பிணைக்கப்படாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு தூரம் வரை நெருங்கியிருக்கின்றன என்று ஒவ்வொரு அணுச்சோடிக்கும் குறித்தார்கள். இங்கே தூரத்தை ஆங்ஸ்ட்ராம் என்ற அலகில் சொல்வது வழக்கம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. கிடைத்த தகவல்களிலிருந்து இரண்டு எல்லைகளை வகுத்தார்கள். ஒன்று, வழக்கமாக அனுமதிக்கப்படும் எல்லை. மற்றொன்று, அரிதாக அனுமதிக்கப்படும் கடைசி எல்லை. எடுத்துக்காட்டாக, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் 2.0 ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கலாம். கட்டாயம் என்றால் 1.9. கரியும் ஆக்சிஜனும் 2.8 வரை, கட்டாயம் என்றால் 2.7.

அளவுகோல் கையில் வந்ததும் அடுத்த கேள்வி பிறந்தது. புரதத்தின் முதுகெலும்பில் பெப்டைடு பிணைப்பைச் சுற்றிய பகுதி தட்டையானது, வளையாதது. ஒவ்வொரு எச்சத்திலும் இரண்டு இடங்களில்தான் அது திரும்ப முடியும். ஒரு கதவில் இரண்டு கீல் இருப்பதுபோல் அல்ல. இரண்டு கதவுகள் ஒரே தூணின் இருபுறமும் மாட்டப்பட்டிருப்பதுபோல. இந்த இரண்டு திருப்பங்களுக்கும் ஃபை, சை என்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்தார்கள். ஒவ்வொன்றும் 360 பாகை முழுவதும் சுற்றலாம் என்று தோன்றும். ஆனால் சில கோணங்களில் இரு கதவுகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எந்தெந்தக் கோணங்களில் முட்டும், எவற்றில் முட்டாது?

இந்தக் கணக்கைச் செய்தவர் சி. இராமகிருஷ்ணன். இன்றைய கணிப்பொறி அப்போது இல்லை. மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோணச் சோடிக்கும் ஒவ்வொரு அணுச்சோடியின் தூரத்தையும் கணக்கிட்டு, எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பொறுமையை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. 1963 இல் மூவர் பெயரிலும் சில பக்கங்களே கொண்ட கட்டுரை வெளிவந்தது. அதில் ஒரு சதுரப் படம். கிடையாக ஃபை, நெடுக்காக சை. அந்தச் சதுரத்தில் அனுமதிக்கப்பட்ட பகுதி நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு, மீதியெல்லாம் முட்டல். ஆல்ஃபா சுருளும் பீட்டா விரிப்பும் அந்தச் சிறிய தீவுகளில்தான் அமர்ந்திருந்தன. கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் அனுமதி தாராளம். 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகமெங்கும் பாடநூல்களில் இருப்பது இதுதான். இன்றும் எந்த ஆய்வுக்கூடத்தில் புரத அமைப்பு ஒன்றைத் தீர்மானித்தாலும், அதை இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். எச்சங்கள் பல தடைப்பட்ட பகுதியில் விழுந்தால், எங்கோ தவறு என்று பொருள்.

கொலாஜன் சர்ச்சை என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். 1994 இல் கொலாஜனைப் போன்ற ஒரு சிறு பெப்டைடின் படிக அமைப்பு நுணுக்கமாகத் தெரியவந்தது. மூன்று புரிகள் ஒன்றையொன்று சுற்றுவது உறுதியாயிற்று. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று எச்சங்களுக்கு ஒன்றே. அந்த அளவில் ரிச்-கிரிக் சொன்னது சரி. ஆனால் இரண்டாவது இணைப்பு ஒரு நீர் மூலக்கூறைப் பாலமாகக் கொண்டு நிகழலாம் என்று இராமச்சந்திரன் 1968 இல் சொல்லியிருந்தார். அத்தகைய நீர்ப்பாலங்களும் படிகத்தில் இருந்தன. இன்னொன்றும் உண்டு. கரியோடு சேர்ந்த ஹைட்ரஜனும் மெல்லிய பிணைப்பை ஏற்படுத்தக்கூடும், ஆகவே அங்கே நெருக்கம் குற்றமாகாது என்று சென்னைக் குழுவினர் 1960-களின் நடுவில் வாதிட்டார்கள். அப்போது அதைப் பலர் ஏற்கவில்லை. 1996 இல் அதே படிகத்தில் அதற்கும் சான்று கிடைத்தது. யார் வென்றார் என்று கேட்டால் ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

முக்கோணப் பட்டியல்

இதுவரை பார்த்தது முட்டக் கூடாத தொடுதல். இனி, வேண்டிய தொடுதலுக்கு வருவோம். முழுப் புரதம் ஒன்றின் அமைப்பு கையில் இருந்தால், அதன் எச்சங்களின் அண்டை வீட்டுப் பட்டியலை எப்படித் தயாரிப்பது?

படிகவியலார் தரும் அமைப்பு உண்மையில் எண்களின் அட்டவணை. ஒவ்வொரு அணுவுக்கும் மூன்று எண்கள்: கிழக்கு மேற்காக எவ்வளவு, வடக்குத் தெற்காக எவ்வளவு, உயரம் எவ்வளவு. எல்லாம் ஆங்ஸ்ட்ராமில். இரண்டு அணுக்களின் மூன்று எண்களையும் கழித்து, வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் தூரம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றந்தான். வித்தியாசங்கள் 2, 3, 6 என்றால் வர்க்கங்கள் 4, 9, 36, கூட்டினால் 49, தூரம் 7 ஆங்ஸ்ட்ராம். வித்தியாசங்கள் 2, 6, 9 என்றால் தூரம் 11.

ஒவ்வொரு எச்சத்தின் நடுக்கரி அணுவை அதன் பிரதிநிதியாக வைத்துக்கொண்டு, இரண்டு நடுக்கரிகள் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் அவை தொடர்பில் உள்ளன என்று கொள்வது ஒரு வழக்கம். முதல் சோடி தொடர்பு, இரண்டாவது இல்லை. இன்னும் கண்டிப்பாகப் பார்ப்பவர்கள், ஹைட்ரஜன் தவிர்த்த எந்த அணுவாவது மற்ற எச்சத்தின் அணுவோடு 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கிறதா என்று தேடுவார்கள். எந்த அளவுகோல் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் 'இத்தனை தொடர்புகள்' என்று எண்ணிக்கை மட்டும் தருவது, படியின் அளவைச் சொல்லாமல் பத்துப் படி அரிசி என்பதுபோல.

153 எச்சங்கள் கொண்ட மயோகுளோபினில் 11,628 சோடிகளைச் சோதிக்க வேண்டும். கணிப்பொறிக்கு இது கண் இமைக்கும் வேலை. விடைகளைக் கட்டம் போட்ட தாளில் குறிக்கலாம். கிடையாக 1 முதல் 153. நெடுக்காகவும் 1 முதல் 153. தொடர்புள்ள சோடிக்கு ஒரு புள்ளி. இதற்குத் தொடர்புப் படம் என்று பெயர். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு மூலைவிட்டம் ஓடும். அது அவரவர்க்கு அவரவரே அண்டை என்பது, அதை விட்டுவிடலாம். ஒரு புறம் உள்ளதே மறுபுறமும் இருக்குமாகையால் பாதி முக்கோணமே போதும்.

கொஞ்சம் பழகிவிட்டால் இந்தப் புள்ளிகளைப் பார்த்தே புரதத்தின் வடிவத்தைச் சொல்லிவிடலாம். ஆல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 எச்சங்கள், ஆகவே ஒவ்வொரு எச்சமும் தனக்கு மூன்றாவது, நான்காவது எச்சங்களைத் தொடும். மூலைவிட்டத்தை ஒட்டிய தடித்த பட்டையாக இது தெரியும். இரண்டு இழைகள் எதிரெதிர்த் திசையில் அருகருகே ஓடினால், மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு. ஒரே திசையில் ஓடினால், மூலைவிட்டத்துக்கு இணையாக, ஆனால் அதை விட்டுத் தள்ளி ஒரு கோடு. நமது கம்பிச் சுருளுக்கு இப்படி ஒரு படம் வரைந்தால் ஒரே மாதிரியான இணைகோடுகள் மட்டுமே வரும். புரதத்தின் படம் அப்படி இருப்பதில்லை. உவமை அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

திருச்சியின் எட்டு ஆங்ஸ்ட்ராம்

தொடர்புகளை எண்ணினால் மட்டும் போதுமா? யாரோடு தொடர்பு என்பதும் முக்கியம் அல்லவா? இந்தக் கோணத்தில் திருச்சிராப்பள்ளியில் நடந்த ஆராய்ச்சி தமிழ் மாணவர்களுக்கு அதிகம் தெரியாதது வருத்தமே. பி. மணவாளன், பி. கே. பொன்னுசாமி இருவரும் 1978 இல் 'நேச்சர்' இதழில் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு எச்சத்தையும் நடுவில் வைத்து, 8 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள ஒரு கோளத்தைக் கற்பனையில் வரைவது. அதற்குள் வரும் மற்ற எச்சங்களின் நீர்விலக்கும் தன்மையைக் கூட்டுவது. அந்தக் கூட்டுத்தொகை, நடுவில் இருப்பவருக்கு எப்படிப்பட்ட அக்கம்பக்கம் வாய்த்திருக்கிறது என்பதைக் காட்டும். ஒருவரின் தன்மையை அவரைச் சோதனைக்குழாயில் தனியே வைத்து அளப்பதைவிட, அவர் குடியிருக்கும் தெருவைப் பார்த்து அறிவது இது. அந்தப் பட்டியலில் வாலினும் ஐசோலியூசினும் மேலே நின்றன. புரதத்தின் உட்புறத்தில், எண்ணெய்த் தன்மையுள்ள கூட்டத்தின் நடுவே இருப்பவை. ஆஸ்பார்ட்டிக் அமிலம் அடியில் நின்றது. குளூட்டாமிக் அமிலமும் கீழ்ப்பகுதியில்தான். வாலின், குளூட்டாமிக் அமிலம் ஆகிய இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

அதே திருச்சி மரபில் பயின்ற எம். மைக்கேல் குரோமிகா, எஸ். செல்வராஜோடு சேர்ந்து 2001 இல் வேறொரு கேள்விக்கு விடை தேடினார். புரதங்கள் மடங்கும் வேகம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? சில, விநாடியின் மிகச் சிறிய பின்னத்தில் மடங்கிவிடுகின்றன. சில, விநாடிக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் டேவிட் பேக்கரின் குழுவினர் 1998 இல் ஒரு குறிப்புத் தந்திருந்தார்கள்: தொடர்புள்ள எச்சங்கள் வரிசையில் சராசரியாக எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதைப் பொறுத்து வேகம் மாறுகிறது. குரோமிகாவும் செல்வராஜும் அண்டைத் தொடர்புகளை ஒதுக்கிவிட்டு, வரிசையில் பன்னிரண்டு எச்சங்களுக்கு மேல் விலகி, வெளியில் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் வரும் தொடர்புகளை மட்டும் எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை கூடக் கூட மடங்கும் வேகம் குறைந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதே. பக்கத்து வீட்டாரைச் சந்திக்க ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். பொன்னேரியில் இருப்பவரும் திருத்தணியில் இருப்பவரும் சந்திக்க நேரம் பிடிக்கும். குரோமிகா பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார்.

நேரக்கூடாத தொடுதல்

இப்போது அந்த இரண்டு பெயர்களுக்கு வருவோம். நம் இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள். இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. பீட்டாச் சங்கிலியின் 146 எச்சங்களில் ஆறாவது குளூட்டாமிக் அமிலம். அது மூலக்கூறின் வெளிப்புறத்தில், நீரைப் பார்த்தபடி, மின்னூட்டத்தோடு இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடத்தில் வாலின் இருக்கிறது. 1950-களின் நடுவில் வெர்னான் இங்ரம் இதைக் கண்டுபிடித்தார்.

நீரை வெறுக்கும் வாலின் வெளியே நிற்க நேர்ந்தால் என்ன செய்யும்? ஒதுங்க இடம் தேடும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில், அடுத்த மூலக்கூறின் பீட்டாச் சங்கிலியில் ஒரு சிறு குழி வசதியாக அமைந்திருக்கிறது. 85-ஆம் எச்சமான ஃபினைல்அலனினும் 88-ஆம் எச்சமான லியூசினும் அந்தக் குழியின் சுவர்கள். இரண்டும் எண்ணெய்த் தன்மை உடையவை. வாலின் அதற்குள் பொருந்திவிடுகிறது. ஒரு மூலக்கூறு அடுத்ததைப் பிடிக்க, அது அடுத்ததைப் பிடிக்க, நீண்ட நார் உருவாகிவிடும். நார்கள் சிவப்பணுவை உள்ளிருந்து நெம்பி அரிவாள் வடிவத்துக்கு வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. தாங்க முடியாத வலி, இரத்தசோகை, உறுப்புகள் பழுதடைதல் எல்லாம் பின்தொடர்கின்றன. அரிவாள் அணுச் சோகை என்னும் இந்த நோய் வெளிநாட்டு விவகாரம் அல்ல. 1952 இல் லேமன், கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இதன் மரபுக்கூறு இருப்பதை வெளியிட்டார்கள். இந்திய அரசு இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தை 2023 ஜூலையில் தொடங்கியது.

தொடர்பைப் புரிந்துகொண்டால் அதைத் தடுக்கும் வழியும் தெரியும். கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதிலாக காமா என்ற சங்கிலி இருக்கிறது. அதன் 87-ஆம் இடத்தில் பீட்டாவில் உள்ள திரியோனின் இல்லை, குளூட்டமின் இருக்கிறது. நார் கோக்கும்போது நேர வேண்டிய தொடர்பு அந்த இடத்தில் கெட்டுவிடுகிறது, நார் நீளாது. ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை, பிறந்தபின் அடங்கிப்போகும் இந்தக் கரு ஹீமோகுளோபினை மீண்டும் ஓரளவு சுரக்கச் செய்கிறது. நோயாளிகளுக்கு வலி வரும் நாட்கள் குறைவதன் காரணங்களில் இது முக்கியமானது.

படத்திலிருந்து வடிவத்துக்கு

அமைப்பு தெரிந்தால் தொடர்புப் படம் வரையலாம். தலைகீழாக, தொடர்புப் படம் கிடைத்தால் அமைப்பைக் கண்டுபிடிக்கலாமா? பெருமளவு முடியும். ஆனால் அமைப்பு தெரியாமல் தொடர்புகள் எப்படித் தெரியும்? இங்கே பரிணாமம் உதவிக்கு வருகிறது. ஷேர் ஆட்டோவின் பின்னிருக்கையில் பருத்த ஆள் ஒருவர் ஏறினால், பக்கத்தில் இருப்பவர் ஒடுங்கியாக வேண்டும். ஒரு புரதத்தின் ஓர் எச்சம் பெரிதானால் அதைத் தொட்டிருப்பது சிறிதாக வேண்டும். ஒன்றின் மின்னூட்டம் மாறினால் மற்றதும் மாற வேண்டும். ஒரே புரதத்தின் வரிசையை ஆயிரக்கணக்கான உயிரினங்களிலிருந்து திரட்டி ஒப்பிட்டு, எந்த இரண்டு இடங்கள் சேர்ந்து சேர்ந்து மாறியிருக்கின்றன என்று பார்த்தால், அவை தொட்டுக்கொண்டிருப்பவை என்று ஊகிக்கலாம். இந்த முறை 2011 வாக்கில் நன்றாகப் பலன் தரத் தொடங்கியது. 2018 இல் வந்த ஆல்ஃபாஃபோல்டு என்ற கணிப்பொறி நிரல் எச்சச் சோடிகளின் தூரங்களையே ஊகித்தது. 2020 இல் வந்த அதன் அடுத்த வடிவம் சோதனைக்கூட அளவீட்டுக்கு நெருக்கமான துல்லியத்தைப் பல புரதங்களில் எட்டியது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோரும், முன்பு நாம் சந்தித்த டேவிட் பேக்கரும் 2024 இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பேக்கருக்கு அது புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக.

பிளஸ் டூ மாணவர்கள் செய்துபார்க்க ஒரு வேலை சொல்கிறேன். 1971 இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்சுலின் கோப்பு ஒன்றை எடுத்து, அதில் 30 எச்சங்கள் கொண்ட பி-சங்கிலியின் நடுக்கரி வரிகளை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மொத்தம் 435 சோடிகள். நான்கு பேர் பங்கிட்டுக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அடுத்தடுத்த எச்சங்களின் தூரம் எல்லாம் 3.8 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் கூட்டலில் பிழை. 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் உள்ளவற்றைக் கிராஃப் தாளில் புள்ளியாக வையுங்கள். 9-ஆம் எச்சத்திலிருந்து 19-ஆம் எச்சம் வரை மூலைவிட்டத்தை ஒட்டிப் பட்டை தடித்துத் தெரியும். அது ஆல்ஃபா சுருள். 20 முதல் 23 வரை சங்கிலி திரும்பி, மிச்ச வால் அந்தச் சுருளை நோக்கி வருகிறது. அங்கே மூலைவிட்டத்தை விட்டு விலகி எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.